மலைத்தேனா, பெட்டித்தேனா?

நீலகிரிப் பாறைகளில் குறும்பரும் இருளரும் கொடியேணியில் தொங்கி எடுக்கும் மலைத்தேனை வாங்குவதா, மார்த்தாண்டம் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் பெட்டிகளில் தேனீ வளர்த்து எடுக்கும் பெட்டித்தேனை வாங்குவதா என்று பலர் தயங்குகிறார்கள்.

விலை: மலைத்தேனுக்குக் கூடுதல், எடுப்பவரின் உயிராபத்தை எண்ணினால் அது நியாயமே.

சுவை: மலைத்தேனில் பல பூக்களின் மணத்தோடு சில சமயம் லேசான கசப்பும் தட்டும், பெட்டித்தேனில், ரப்பர்த் துளிரின் இலைக்காம்பு நுனியில் சுரக்கும் இனிப்புநீரே பெரும்பங்கு என்பதால், சுவை ஒரே சீராக இருக்கும்.

கெடாமை: மலைத்தேனில் பொதுவாக ஈரப்பதம் மிகுதி, மூடியைத் திறக்கையில் நுரை பொங்கிப் புளிப்பு வாடை வந்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மெழுகால் அடை மூடப்படுமுன் எடுத்தால் பெட்டித்தேனுக்கும் இதே கதிதான்.

திரிகடுகு சூரணம் (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி) குழைக்க இரண்டும் ஏற்றவை. அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் பெட்டித்தேனையே வாங்குவேன். மலைத்தேன், சுவைக்காகச் சிறு புட்டியில் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, நாவில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனைச் சடங்குக்குக்கூட எந்தத் தேனும் கூடாது.