எம்.பி.பி.எஸ்.: இங்கே சுயநிதிக் கல்லூரியா, வெளிநாடா?

நீட் மதிப்பெண் வந்தபோது என் மகளுக்கு அரசுக் கல்லூரி எட்டவில்லை. எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தமிழ்நாட்டிலேயே ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். மற்றது, வெளிநாட்டில் ஆறு ஆண்டுப் படிப்பு. அதே ஆண்டில் அண்ணன் மகன் விமானம் ஏறினான். மகளை நாங்கள் இங்கேயே சேர்த்தோம். அவள் பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற மருத்துவராகிவிட்டாள். அவன், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்கத் தேற வேண்டிய தகுதித் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தோடு விடுதி, உணவு, இன்னபிற சேர்த்தால் சில நாடுகளின் மொத்தச் செலவுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் அரசே கட்டணத்தைச் செலுத்துகிறது; அங்கே யோசிக்கவே வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆண்டுக் கணக்கு. கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறம் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். இங்கே நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. ஐந்தரை ஆண்டில் நிரந்தரப் பதிவு. வெளிநாடென்றால் ஆறு ஆண்டு முடித்துத் திரும்பியதும் தகுதித் தேர்வு. அது ஆண்டுக்கு இருமுறைதான் நடக்கும். 300 கேள்விகளில் 150 சரியாக இருக்க வேண்டும். தேறிய பின்னரும் இங்கே பன்னிரண்டு மாதப் பயிற்சி உண்டு. முதல் முறையே தேறினாலும் ஏழு ஆண்டைத் தாண்டிவிடும்.

இதைக் கல்விக் கடனோடு பொருத்திப் பாருங்கள். வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 20 லட்சத்துக்குப் பத்து சதவீதமென்றால் ஆண்டுக்கு 2 லட்சம். மகளுக்குப் பதிவு கிடைத்தபின், தவணை தொடங்கும் முன் சம்பாதிக்க ஓராண்டு இருந்தது. அண்ணன் மகனுக்கு அந்த ஓராண்டு தேர்வுக்கே போய்விட்டது. முதல் தவணை அண்ணனின் ஓய்வூதியக் கணக்கிலிருந்துதான் கழிந்தது.

முதுநிலையிலும் இதே கதைதான். முதுநிலை நீட் எழுதக் குறிப்பிட்ட தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். சில வாரம் தவறினாலும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சியின் முதல் வாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியிடம் மகள் கேட்ட கேள்வி: “கரிக்கிறதா, அடைக்கிறதா பாட்டி?” அடைக்கிறது என்றதும் உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். நோயாளியின் மொழியிலேயே படுக்கையருகில் நின்று கற்பதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

உள்ளூரிலும் குறைகள் உண்டு. மகளின் கல்லூரியில் ‘சிறப்புக் கட்டணம்’ என்று நடுவில் ஒரு தொகை கேட்டார்கள். பயிற்சிக்கால உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானது. சேரும் முன் அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடமே இதைக் கேளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் கட்டணம் பல மடங்கு. என் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. அந்த நிலையில் நாங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி நான் அறிந்ததும் ஒரே பையன் வழியாகத்தான். முதல் முறையே தேறி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாடுதான் என்று தீர்மானித்தால், வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களுக்கான தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இடம் பிடித்துத் தரும் முகவரிடம் பேசுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதமா, ஆங்கில வழியா, அதே நிறுவனத்தில் பன்னிரண்டு மாதப் பயிற்சி தருகிறார்களா, அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெற முடியுமா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு முகவர் எழுத்தில் பதில் தர மறுத்தாலும், முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.