இரண்டு கட்டிகளும் ஒரே வேரா? சென்னை ஆய்வகம் ஒன்றின் எக்ஸோம் ஒப்பீடு: மதிப்பீடு

நுரையீரலில் ஒரு கட்டியை எடுத்தாயிற்று. சில வருடம் கழித்து மறுபக்கம் இன்னொன்று. பழையது பரவியதா, புதிதாக முளைத்ததா? அடுத்த சிகிச்சையே இந்த விடையைப் பொறுத்தது. சென்னையில் ஒரு தனியார் ஆய்வகம் இரு கட்டிகளிலும் ரத்தத்திலும் எக்ஸோமை (டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளை) வாசித்து, வம்சாவளி மரம் வரைந்து தருகிறது. பொதுவான மாற்றங்கள் தண்டு, தனித்தனி மாற்றங்கள் கிளை. இந்தக் கேள்விக்கு நம்பிக் கொடுக்கலாம். மரத்தை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ரத்தம் கட்டாயம் என்கிறார்கள், மிகச் சரி. பிறவியிலேயே உள்ள டிஎன்ஏ மாற்றங்களைக் கழிக்காவிட்டால் ஒருவருடைய எந்த இரு கட்டியும் சொந்தமாகத்தான் தெரியும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள், உறைய விடாதீர்கள். திசு 10% பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஊறினால் டிஎன்ஏ துண்டாகும். பழைய பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசு) சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து தைமினாக வாசிக்கப்படும் பொய் மாற்றங்களும் சேரும். குறைந்த அளவில் வரும் இவற்றை ரிப்போர்ட்டில் தனியாகக் குறித்துவிடுகிறார்கள், பாராட்டத்தக்கது. கத்திரி வெயிலில் பிளாக்கை வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும்.

சறுக்கும் இடம் இது: இரு கட்டியிலும் இஜிஎஃப்ஆர் மரபணுவின் எல்858ஆர் என்ற மாற்றம் இருந்தால் உடனே ஒரே தண்டில் இணைத்து வரைகிறார்கள். நம் ஊர் நுரையீரல் அடினோகார்சினோமாவில் (சுரப்பிச் செல் வகைப் புற்று) அடிக்கடி வரும் மாற்றம் அது, இரண்டு கட்டியிலும் தனித்தனியாகவே தோன்றலாம். அரிதான பல மாற்றங்கள் பொதுவாக இருந்தால்தான் பரவல் என்று சொல்ல முடியும். எதிர்ப்பக்கமும் உண்டு. குரோமோசோம் துண்டு ஒன்று தொலைந்தால் தண்டிலிருந்த மாற்றமும் அதோடு போய்விடும். அதனால் எந்தத் துண்டு எத்தனை பிரதி இருக்கிறது என்று காட்டும் காப்பி எண் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மாற்றம் எத்தனை சதவீத டிஎன்ஏ வாசிப்புகளில் தெரிகிறது என்ற விகிதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மாதிரியில் 60% புற்றுச்செல் என்றால், எல்லாப் புற்றுச்செல்லிலும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள மாற்றம் 30% என்றுதான் தெரியும். அதைக் கிளை என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் திருத்திய செல் விகிதமும் (புற்றுச்செல்களில் எத்தனை சதவீதத்தில் அந்த மாற்றம் உண்டு என்பது) தருகிறார்கள், அதைப் பாருங்கள். ஒரே மாதிரியில் இரு மாற்றங்களின் செல் விகிதம் 70%, 50% என்றால் கூட்டல் 100ஐத் தாண்டுகிறது. சில செல்களிலாவது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. 30%, 20% என்றால் ஒன்றுக்குள் ஒன்றாகவும் இருக்கலாம், தனிக்கிளைகளாகவும் இருக்கலாம். அதற்கும் ஒற்றை மரம் வரைந்து தருவது சரியல்ல.

2012இல் லண்டன் குழு ஒன்று சிறுநீரகப் புற்றில் பல இடங்களை வாசித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாற்றங்கள் எல்லா இடத்திலும் காணப்படவில்லை. எனவே முடிந்தால் கட்டிக்கு இரண்டு பகுதிகளாவது அனுப்புங்கள். நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடில் கட்டிப் பகுதியைக் குறித்து வாங்குங்கள். புற்றுச்செல் 20%க்குக் கீழ் என்றால் அந்த பிளாக்கை விட்டுவிட்டு வேறு பிளாக் கேளுங்கள்.