செங்கோட்டைப் பக்கம் ஒரு ரெக்கார்டு கடை, கவருக்காகவே போகலாம்

பழைய ரெக்கார்டு கடை என்றால் எல்லோரும் முதலில் கேட்பது தட்டு கீறல் இல்லாமல் ஓடுமா, என்ன விலை, யார் பாட்டு இருக்கிறது என்றுதான். நான் இந்தக் கடைக்கு மூன்று தடவை போய்விட்டேன், மூன்று தடவையும் கவருக்காகத்தான் போனேன். வீட்டில் பிளேயர் கிடையாது, வாங்குகிற எண்ணமும் இப்போதைக்கு இல்லை. ரெக்கார்டு கவரைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும், திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும், அதற்கு எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை.

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில், வயலைப் பார்த்த மாதிரி இருக்கிற ஓட்டு வீட்டின் முன் அறைதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது. நீலப் பெயிண்ட் அடித்த மரக்கதவு, வாசலில் ஒரு பழைய குழாய் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் மலைக்கு இரண்டு பக்கமும், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும், கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டியவர். “ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வரைக்கும் போயிருக்கேன் தம்பி. அங்க மலையாளத் தட்டும் வேணும், தமிழ்த் தட்டும் வேணும், எப்பவும் ரெண்டு பெட்டி தூக்கிட்டுத்தான் போகணும்” என்றார். அந்த இரண்டு பெட்டியில் தொடங்கியதுதான் இன்றைக்கு மூன்று சுவர் நிறைய நிற்கிறது.

எங்கள் வீட்டிலும் மைக் செட் தொழில்தான். அப்பாவிடம் இருந்தது சின்ன செட், இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு தகரப் பெட்டி நிறைய ஈ.பி. தட்டுகள். ஏழு அங்குலத் தட்டு, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. தட்டைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை, விரல் ரேகை பட்டால் தூசி ஒட்டும் என்பார். ஆனால் கவரைத் தொடலாம். விசேஷ வீட்டில் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது காலிக் கவர் பெஞ்சில் கிடக்கும், நானும் தங்கச்சியும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பாட்டைக் கேட்போம். படம் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே கதாநாயகியின் முகம், சேலையின் நிறம், பின்னால் தெரிகிற மலை எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். இன்றைக்கு வரைக்கும் நான் பார்க்காத படங்கள் எத்தனையோ உண்டு, அவை எல்லாம் எனக்கு ஏழு அங்குலச் சதுரமாகத்தான் ஞாபகம்.

மலையாளம் வாசிக்கப் பழகியதும் கவரில்தான். ஒரே கவரில் படத்தின் பெயர் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டி மலையாளத்துக்குப் போவேன். அவர்களுடைய ‘வ’வைப் பார்த்தால் நம் எழுத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், ‘ட’ மட்டும் பாம்பு மாதிரி வளைந்து நிற்கும். தப்பாகப் படித்தால் ஆச்சி திருத்துவாள். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளப் பக்கம் போகாமல் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, அதற்கு முன்னால் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே நாங்கள், ஆச்சிக்குக் கொஞ்சம் மலையாளம் படிக்கத் தெரியும். இன்று கேரளத்துப் புனலூரில் வேலை பார்த்துக்கொண்டு பஸ் போர்டைச் சரளமாகப் படிக்கிறேன் என்றால் அந்தத் தகரப் பெட்டிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கேசட் வந்தது, தட்டு போனது. 1996-இல் அப்பா பெட்டியோடு எடைக்குப் போட்டுவிட்டார். வாங்க வந்தவர் தட்டைத் தனியாக, அட்டையைத் தனியாகப் பிரித்துக் கட்டினார், அட்டை காகித எடையில் போனது. நான் அப்போது ஊரில் இல்லை. இருந்திருந்தால் அட்டையையாவது எடுத்து வைத்திருப்பேன்.

சரி, கடைக்கு வருகிறேன். அண்ணாச்சி அடுக்கியிருக்கிற முறையே எனக்குப் பிடித்தது. பாடகர் வாரியாகவோ மொழி வாரியாகவோ இல்லை, காலத்தின்படி வைத்திருக்கிறார், அதனால் இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு நடந்தாலே கவர் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துவிடும். முதலில் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற தட்டுகள். அரக்கு கலந்து செய்தவை, கைதவறினால் ஓடு மாதிரி உடையும், பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் ஓடும். அவற்றுக்குக் கவரில் படமே கிடையாது. பழுப்புக் காகித உறை, நடுவில் வட்டமாக ஓட்டை, அதன் வழியாகத் தட்டின் லேபிளைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய கச்சேரியோ நாடகமோ என்றால் ஏழெட்டுத் தட்டாகிவிடும், அதையெல்லாம் போட்டோ ஆல்பம் மாதிரி புத்தகமாகக் கட்டி விற்றார்கள், ஆல்பம் என்ற பேரே அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவிலும் அந்தப் புத்தகத்தின் மேலட்டை வெறும் பழுப்பாகத்தான் இருந்திருக்கிறது. கொலம்பியா கம்பெனியில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற 23 வயதுப் பையன் 1940-இல், ஒரு தியேட்டர் வாசல் விளக்குப் பலகையில் ஆல்பத்தின் பெயரை ஏற்றி, அதைப் போட்டோ எடுத்து அட்டையில் போட்டார். எட்டு வருஷம் கழித்து, 1948-இல், அதே கொலம்பியா 12 அங்குல எல்.பி.யை, அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தது. அந்தச் சதுரத்துக்குள்தான் பிறகு வந்த அத்தனை ஓவியமும் போட்டோவும் குடியேறின.

ஒரு அடிக்கு ஒரு அடி என்பது சின்ன விஷயம் இல்லை. நம் வீட்டுச் சாமி படம் அந்த அளவுதான், காலண்டர் அந்த அளவுதான். சி.டி. வந்தபோது அது 12 அங்குலத்திலிருந்து 12 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது. பாடலாசிரியர் பேரைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருந்தது. இப்போது போனில் விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம், அதில் பாடலாசிரியர் பேரே இருப்பதில்லை, வாத்தியம் வாசித்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அண்ணாச்சியின் எல்.பி. வரிசையில் 1963-இல் வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் மட்டும் நான்கு பிரதி இருக்கிறது. அதில் ஒன்றின் மூலையில் குங்குமப் பொட்டு. வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமைதோறும் வைத்திருக்க வேண்டும், காகிதத்துக்குள் எண்ணெய் இறங்கிக் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. யாரோ பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்றார். அடுத்த அடுக்கில் யேசுதாஸ் 1980-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தின் ஓணப் பாட்டு ரெக்கார்டுகள், அதற்கும் கீழே இளையராஜா பாட்டுகள் வந்த எக்கோ கம்பெனித் தட்டுகள். எக்கோவுக்கு இப்போது கிராக்கி அதிகம், விலையும் அப்படித்தான்.

இங்கிலீஷ் பெட்டி ஒன்றும் உண்டு, அதில் இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸின் சார்ஜண்ட் பெப்பர் ஆல்பம் இருக்கிறது. 1967-இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் செய்த கவர், எத்தனையோ பிரபலங்களின் ஆளுயர அட்டை உருவங்களைக் கூட்டமாக நிறுத்தி எடுத்த போட்டோ. அந்தக் கூட்டத்தில் காந்தியும் இருக்க வேண்டியது. இந்தியாவில் மனம் புண்படும் என்று அந்தத் தட்டை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் ஜோசப் லாக்வுட் சொல்லி காந்தியை எடுத்துவிட்டார்கள். இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கவரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “இருந்திருந்தா இந்தத் தட்டுக்கு நம்ம ஊர்ல தனி மரியாதை கெடச்சிருக்கும் தம்பி” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு சாதாரண ஈ.பி.யோடு. விலை 200 ரூபாய். முன்பக்கம் லேமினேஷன் உரிந்து, உள்ளே இருந்த தட்டின் விளிம்பு அழுத்தி வட்டமாக ஒரு தழும்பு விழுந்து, கதாநாயகனின் நெற்றி வெள்ளையாகப் போயிருக்கிறது. பின்பக்கம்தான் விஷயம். நீல மையில், சாய்ந்த எழுத்தில் 34 என்று நம்பர். மைக் செட்காரர்கள் எல்லோரும் நம்பர் போடுவார்கள், இருட்டில் டார்ச் அடித்துத் தேட வசதி. நான்கு பாட்டுக்கும் முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு: முதல் பாட்டுக்குப் ‘பந்தி’, இரண்டாவதுக்கு ‘மாப்பிள்ளை அழைப்பு’, மூன்றாவதுக்கு மலையாளத்தில் ‘வேண்டா’ என்று எழுதி இரண்டு கோடு. நான்காவதுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டை எடுத்துப் பார்த்தால் சோகப் பாட்டு. எந்தக் கல்யாண வீட்டிலோ தெரியாமல் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார், புனலூர் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவும் இதே மாதிரிதான் எழுதி வைப்பார், ‘தாலிக்கு முன்’, ‘தாலிக்குப் பின்’ என்று. அந்த ஈ.பி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடையை நான் மெச்சுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். அண்ணாச்சி கவரில் இருக்கிற எழுத்தை அழிப்பதில்லை. வேறு கடைகளில் பேனாக் கிறுக்கல் இருந்தால் மட்டமான சரக்கு என்று ஒதுக்குவார்கள், இல்லாவிட்டால் ரப்பர் போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கப் பார்ப்பார்கள். இணையத்தில் ஒரு ஆளிடம் நான் ஏமாந்ததும் உண்டு. படத்தில் அசல் கவரைக் காட்டிவிட்டு, வந்ததைப் பிரித்தால் கலர் ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டி அனுப்பியிருந்தார். அந்த அட்டைக்கு வாசனையே இல்லை. இங்கே எதை எடுத்தாலும் அசல், ஜெராக்ஸ் என்ற பேச்சே கிடையாது. கவரை மட்டும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டக் கேட்டால் தரமாட்டார். காபிக் கடைக்காரர் ஒருவர் கேட்டு வந்ததையும் திருப்பி அனுப்பியிருக்கிறார், தட்டும் கவரும் சேர்ந்துதான் போகும். எனக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான், பிளேயர் இல்லாதவன் நான். ஆனால் அட்டையைத் தனியாகப் பிரித்துக் கட்டுவதை அப்பா வாயால் கேட்டவனுக்கு அவர் பிடிவாதம் புரிகிறது.

கவர் ரிப்பேரும் செய்து தருகிறார். ஓரம் பிரிந்த கவருக்கு உள்பக்கம் மெல்லிய டிஷ்யூ காகிதம் கொடுத்து, மைதாப் பசையில் ஒட்டுவார். பசையில் துளி மயில்துத்தம் சேர்க்கிறார், பைண்டிங்காரர்கள் செய்கிற மாதிரி, அப்போதுதான் ராமபாணப் பூச்சி வராது. ஒட்டியபின் மேலே செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்து ஒரு ராத்திரி விடுவார். என் நண்பனின் கவர் ஒன்றைக் கொடுத்து வாங்கினேன், முதுகில் இருந்த பெயர் எழுத்து ஒன்றுகூட நகரவில்லை. 80 ரூபாய் வாங்கினார். செல்லோடேப் ஒட்டின கவரைக் கொண்டுபோனால் மட்டும் முகம் சுருங்கும், அந்தப் பசை காகிதத்தை மஞ்சளாக்கித் தின்றுவிடுமாம்.

குறையும் சொல்ல வேண்டும். முதலாவது ஈரம். குற்றாலத்துச் சாரல் ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் சுவரே வியர்க்கும், ஓட்டு வீட்டில் கேட்கவே வேண்டாம். மேல் அடுக்குக் கவர்கள் சிலவற்றில் பூஞ்சைப் புள்ளி வந்துவிட்டது. கரித்துண்டு வைத்திருக்கிறார், அது போதவில்லை. இரண்டாவது, வலது கோடியில் இடம் போதாமல் எல்.பி.க்களைப் படுக்கப் போட்டு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். கீழே இருக்கிற கவர்களில் அந்த வட்டத் தழும்பு ஆழமாக விழுகிறது, தட்டும் வளையும். நிற்கத்தான் வைக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும், அலமாரி செய்யக் காசு வேண்டும் என்கிறார். யாராவது மொத்தமாக வாங்கினால் அந்தக் கோடியிலிருந்து எடுங்கள், அவருக்கும் இடம் கிடைக்கும்.

விலை ஈ.பி. 150-இலிருந்து 300 வரை, எல்.பி. 500-க்குக் குறையாது, எக்கோ தட்டுகள் இரண்டாயிரத்தைத் தாண்டும். பேரம் பேசினால் கோபப்படமாட்டார், ஆனால் குறைக்கவும் மாட்டார். பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோங்கள், உள்ளே போனவுடன் போன் கேரள டவரைப் பிடிக்கும், அப்புறம் இரண்டு பக்கத்து டவரும் கிடைக்காது, ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். கை கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போங்கள். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு நேரே வந்த இரண்டு பேரைத் திண்ணையிலேயே நிறுத்தி, சோப்பும் செம்பும் எடுத்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை திறந்திருக்கும், சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடியும். கொடைக் காலத்தில், சித்திரை வைகாசியில், கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மைக் செட் கட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகியும், எங்கேயாவது பழைய ஆட்கள் கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.