கண்ணாடி, பெட், கேன், அட்டைப்பெட்டி: லாரியில் ஏறும் வெற்றுச் சுமை

750 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில் ஒன்று, காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய அரை கிலோ எடை கொண்டது. பத்து டன் ஏற்றும் லாரியில் அப்படிப்பட்ட பாட்டில்கள் 8,000தான் போகும். அவற்றிலுள்ள பானம் 6,000 லிட்டர், மீதி நான்கு டன்னும் கண்ணாடி. அதே லாரியில் 30 கிராம் எடையுள்ள, ஒரு லிட்டர் பானம் பிடிக்கும் அட்டைப்பெட்டிகளை அடுக்கினால் ஏறக்குறைய 9,700 லிட்டர் செல்லும். (வெளிப்பெட்டிகளின் எடை இக்கணக்கில் இல்லை.)

எடையைப் பொறுத்தவரை பெட் (PET) என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டிலும் அலுமினியக் கேனும் அட்டைப்பெட்டிக்கு அருகிலேயே நிற்கின்றன. உருளை வடிவக் கேன்களுக்கிடையே இடம் வீணாகிறது என்பார்கள். ஆனால் பானம் ஏற்றும் லாரி இடம் நிரம்புவதற்கு முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடுவதால் அது பெரிய குறையன்று. காலிக் கலன்கள் ஆலைக்கு வரும் வழியில்தான் வேறுபாடு தெரிகிறது: அட்டை சுருள்களாகவும், பெட் சோதனைக்குழாய் அளவிலான குழல்களாகவும் வந்து ஆலையிலேயே உருப்பெற, கேன்களோ முழு உருவில், காற்றைச் சுமந்துகொண்டு வருகின்றன.

பயன்படுத்திய பின் இந்த வரிசை மாறிவிடுகிறது. பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க மிகுந்த மின்சாரம் செலவாகிறது. பழைய கேனை உருக்கினால் அதில் சுமார் 5 சதவீத ஆற்றலே போதும் என்பதால் காயலாங்கடையில் அதற்கு எப்போதும் விலை உண்டு. பெட் பாட்டிலையும் வாங்குகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் பாலியஸ்டர் இழையாகிறதேயன்றி மீண்டும் பாட்டிலாவதில்லை. காகிதம், பாலிஎத்திலீன், அலுமினியத் தாள் ஆகியவை ஒட்டிய அட்டைப்பெட்டியைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டியிருப்பதால் அதை வாங்குவோர் குறைவு.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கண்ணாடியைத்தான் நான் கடைசி இடத்தில் வைப்பேன். பார்க்கத் தூய்மையாக இருப்பது அதன் கணக்கை மாற்றாது. ஆனால் ஊருக்குள்ளேயே தயாராகும் கோலி சோடாவுக்குக் கண்ணாடிதான் பொருத்தம். நிரம்பிய பாட்டில்களை இறக்கும் வண்டியே காலிப் பாட்டில்களை ஏற்றித் திரும்புகிறது. சுமார் 1,500 டிகிரியில் கண்ணாடியை உருக்கச் செலவான எரிபொருளும் பலமுறை நிரப்புவதில் பங்கிடப்படுகிறது.

நீலகிரியில் 2022இல் டாஸ்மாக் பாட்டில்களுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. பாட்டில் காட்டில் கிடக்காமலிருக்க அது உதவும். போக்குவரத்துச் சுமை குறைய அது மட்டும் போதாது. ஜெர்மனியில் 1969 முதல் கனிமநீர் நிறுவனங்கள் பல ஒரே வடிவப் பாட்டிலைப் பொதுவாகப் பயன்படுத்துவதால், காலிப் பாட்டில் தன்னை முதலில் நிரப்பிய ஆலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள எந்த ஆலையிலும் அதைக் கழுவி நிரப்பலாம்.