அலாரம் மணிக்கூட்டுக்கு எந்த நேரச் சில்லு: 1307-ஆ, 3231-ஆ, இணைய நேரமா?

வீட்டிலேயே அலாரம் மணிக்கூடு செய்பவர்கள் திரைக்கும் பசருக்கும் கொடுக்கும் கவனத்தை நேரங்காக்கும் பகுதிக்கும் கொடுக்க வேண்டும். மணிக்கூட்டை இயக்கும் மைக்ரோகொன்ட்ரோலர்ப் பலகையான ஆர்டுயினோ ஊனோவின் சொந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. அதன் நேரத் துடிப்பைத் தரும் செராமிக் ரெசனேற்றர் ஒரு நாளிலேயே நிமிடக் கணக்கில் விலகக்கூடும். நான் ஒப்பிட்டுப் பார்த்தவை டி.எஸ். 1307, டி.எஸ். 3231 என்ற இரண்டு நேரச் சில்லுகளும், வைஃபை வழியாக இணையத்திலிருந்து நேரம் பெறும் இ.எஸ்.பி. 8266-உம் ஆகும். கல்முனையில் கடலுக்குக் கிட்டிய எங்கள் வீட்டுக்கு நான் 3231-ஐத் தெரிவு செய்தேன்.

இணைய நேரத்தைக் கையால் திருத்தவே வேண்டியதில்லை. உலகப் பொது நேரத்துடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் போதும். ஆனால், நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தால், றவுட்டர் இயங்கி இணைப்புக் கிடைக்கும்வரை அந்த மணிக்கூட்டுக்கு நேரம் தெரியாது. அதை மட்டும் நம்பிய மணிக்கூட்டை நான் நீண்டகாலம் பாவித்ததில்லை என்பதால், இணைப்பு நிலையாக உள்ள வீடுகளுக்கு என் தயக்கம் மிகையாக இருக்கலாம்.

மற்ற இரண்டும் மின்சாரம் இல்லாதபோது பொத்தான் பற்றரியில் ஓடுபவை. மைக்ரோகொன்ட்ரோலருடன் பேசும் ஐ2சி என்ற இணைப்பில் இரண்டின் முகவரியும் ஒன்றே. வேறுபாடு, அடிக்கடி நேரத்தைத் திருத்த வேண்டுமா என்பதில்தான் இருக்கிறது. 1307-க்கு வெளியே, சீராக அதிர்ந்து நேரத் துடிப்பைத் தரும் 32,768 ஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்றைப் பொருத்த வேண்டும். அவ்வகைக் கிறிஸ்டல் 25 பாகை செல்சியஸ் அளவில் சரியாக ஓடி, அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் பிந்தத் தொடங்கும். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் 35 பாகையானால், மில்லியனுக்கு ஏறத்தாழ 3.4 பங்கு பிந்தும். அது சிறிதுதான், ஆனால் கிறிஸ்டலின் சொந்தப் பிழை மில்லியனுக்கு 20 பங்குவரை இருக்கலாம், அதுவே மாதத்துக்கு 50 செக்கன் அளவாகும். இவற்றோடு, கடற்கரை உப்பீரம் கிறிஸ்டலின் கால்களில் படிந்தால் அதன் அதிர்வே குழம்பக்கூடும் என்பதை இப்பகுதியில் மறக்கலாகாது.

3231-இல் கிறிஸ்டல் சில்லின் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. அது 64 செக்கனுக்கு ஒருமுறை தன் வெப்பநிலையை அளந்து, அதற்கேற்ப ஓட்டத்தைச் சீர்செய்கிறது. 0 முதல் 40 பாகைவரை பிழை மில்லியனுக்கு 2 பங்கை மீறாது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பதால், வீட்டில் மூத்தவர்கள் பாவிக்கும் மணிக்கூட்டை யாரும் மாதந்தோறும் திறக்க வேண்டியதில்லை. இரண்டு அலாரங்கள் சில்லிலேயே உள்ளன. உறங்கவிட்ட மைக்ரோகொன்ட்ரோலரை, அலார நேரத்தில் சைகை அனுப்பும் சில்லின் இடையீட்டுக் கால் எழுப்பும். 1307-இல் அலாரமே இல்லை. நேரத்தை நிரல்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

3231 வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பரவலாக விற்பனையாகும் இசட்.எஸ். 042 பலகையில், மீளேற்றக்கூடிய பற்றரிக்கென ஒரு மின்னேற்றச் சுற்று உண்டு, சாதாரண சி.ஆர். 2032-ஐ இட்டு 5 வோல்ட் கொடுத்தால், ஏற்றக்கூடாத பற்றரிக்குள் மின்னோட்டம் பாய்ந்து ஆபத்தாகும். அங்குள்ள 200 ஓம் தடையியை அல்லது டயோட்டைக் கழற்றிவிட்டே பற்றரியைப் பொருத்த வேண்டும். சில பலகைகளில் எம் என்ற எழுத்துடன் முடியும் வகை இருக்கும். அதன் பிழை மில்லியனுக்கு 5 பங்குவரை போகலாம், அலாரத்துக்கு அதுவும் போதுமானது.