முகாம் பதிவா, வெளிப்பதிவா? வேலூரில் ஈழக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

வேலூரை ஒட்டிய மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் பிள்ளைகள் வளர்ந்து, வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஒரு பேச்சு எழும். முகாம் பதிவை விட்டுவிட்டு, வெளிப்பதிவு எனப்படும் காவல் நிலையப் பதிவுக்கு மாறி, வேலூர் டவுனுக்குள் வாடகைக்குப் போய்விடலாமா? 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி தமிழ்நாட்டின் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்து 34,087 பேரும் இருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் வெளியேதான். ஆகவே இரண்டு வழியும் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சுலபம், திரும்பி வருவது அத்தனை சுலபமில்லை. பள்ளி, கல்லூரி வயதில் பிள்ளை இருக்கிற வீடு முகாம் பதிவை விடக் கூடாது என்பதே எங்கள் முடிவு.

முதலில் பணம். 2021 உயர்வின்படி, முகாம் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான பணக்கொடை மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500. கணவன், மனைவி, 14 வயதுப் பெண், 8 வயதுப் பையன் என்றால் 1,500 + 1,000 + 1,000 + 500, மொத்தம் 4,000. அரிசிக்குக் கொடுத்துவந்த கிலோ 57 பைசாவும் அப்போதே நிறுத்தப்பட்டு இலவசமானது. வெளிப்பதிவில் இந்த இரண்டும் கிடையாது. இதோடு வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். டவுனில் ஓர் அறை நாலாயிரத்துக்குக் கிடைத்தால்கூட, மாறுகிற குடும்பம் மாதம் எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தாக வேண்டும். அட்வான்ஸ் தனி.

வீட்டு விஷயத்தில் 2021க்கு முன்பு வெளியே போகச் சொல்ல நியாயம் இருந்தது. ஒழுகுகிற கூரையின் கீழ் யாரை இருக்கச் சொல்வது? அந்த ஆண்டு நவம்பரில் மேல்மொணவூரில்தான் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023 செப்டம்பர் 17 அன்று மாநிலம் முழுக்கக் கட்டிய 1,591 வீடுகளின் திறப்பும் இதே முகாமில்தான் நடந்தது. இப்போது கான்கிரீட் கூரை, தனிக் கழிவறை. ஆனால் வீடு உங்கள் பெயரில் இல்லை. விற்கவோ, வாடகைக்கு விடவோ, அடகு வைத்துக் கடன் வாங்கவோ முடியாது. பதிவு நீங்கினால் வீடும் போகும்.

முகாமின் கஷ்டம் செக்கிங். பணக்கொடைக்கு முன் ஆள் இருக்கிறாரா என்று நேரில் பார்ப்பார்கள். பெயிண்டிங் வேலைக்கு ஓசூர், பெங்களூரு என்று போகிற ஆண்கள் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த மாதத் தொகை நிற்கும், தொடர்ந்து வராவிட்டால் பெயரே நீக்கப்படும். வெளிப்பதிவில் இந்தத் தொல்லை குறைவு. காவல் நிலையத்தில் பதிவைப் புதுப்பித்து, வீடு மாறினால் தகவல் சொன்னால் போதும். ஷூ கம்பெனி வேலைக்கு எந்தப் பதிவு என்பது பெரிய பேச்சே இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்க்க அவர்கள் கேட்பது ஆதாரும் வங்கிக் கணக்கும்தான்.

புது மருமகள் வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். அவள் பெயர் பழைய முகாமிலேயே இருந்தால் செக்கிங்குக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும். திருமணமானதுமே இரண்டு முகாமிலும் பெயர் மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். குழந்தை பிறந்த பிறகு கொடுத்தால் குழந்தையின் பெயர் சேர்ப்பதும் தாமதமாகும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் பிறப்புச் சான்றிதழ். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் தகப்பன் பெயரை வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். முகாம் அட்டையில் ‘சிவராசா’ என்றிருக்கும், எழுதுகிறவர் காதில் ‘சிவராஜா’ என்று விழும். அந்த ஓர் எழுத்து பிற்பாடு ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் ஏறி, இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தகப்பனும் பிள்ளையும் வேறு வேறு ஆளாகத் தெரிவார்கள். அட்டையின் நகலைக் கையில் கொண்டுபோய் அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தை பெயரை ஓர் ஆண்டுக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இது முகாம், வெளிப்பதிவு இரண்டுக்கும் பொது. முகாமில் இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும் என்பதுதான் வித்தியாசம். 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை எல்லாரும் ‘ஓஃபர்’ என்பார்கள். சான்றிதழ் வேலையில் அவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. டவுனில் தனியாக இருக்கிற குடும்பம் இதே வேலைக்கு இடைத்தரகரிடம் போய்ப் பணத்தைக் கொடுக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, பள்ளி வரை வேறுபாடு கிடையாது. அது தெரிவது பிளஸ் டூவுக்குப் பிறகுதான். கல்லூரி உதவித்தொகை முகாம் பிள்ளைகளுக்கு உரியது. பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வெளியே மாறுவது, பழுக்கப்போகிற மரத்தை விற்பது மாதிரி. எம்.பி.பி.எஸ். கலந்தாய்வும் அரசு வேலையும் இந்தியக் குடியுரிமை கேட்பதால் அந்தக் கதவு இரு தரப்புக்கும் மூடியே இருக்கிறது. இது நமக்கு ஆறாத வருத்தம். ஆனால் 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். முகாமில் பிறந்த அத்தகைய ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டில் யாருக்காவது அந்தத் தேதி பொருந்துமா என்று இன்றே பாருங்கள்.

ஊர் திரும்புவது மூன்றாவது வழி. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் எடுத்து, வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைப் பதிவு முடியாமல் கிளம்பாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளியே மாறத்தான் வேண்டும் என்றால், பெயர் நீக்கத்துக்கு முன்பே காவல் நிலையப் பதிவுக்கான உத்தரவு எழுத்தில் கையில் இருக்க வேண்டும். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்திருக்கிறது. அதற்கு ஆதாரம் பதிவுதான். இரண்டு பதிவுக்கும் நடுவே ஒரு மாதம் விட்டுப்போனாலும் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய முகாம் அட்டையை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, முதல் பதிவுத் தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.