எஃப்.சி 150 பிக்கப்புக்கு டிங்கரிங், பெயின்டிங் பண்ணுன கோயம்புத்தூர் பட்டறை: என் ரிவ்யூ

வண்டி போட்டோ போட்டதுல இருந்து எங்க பண்ணுனீங்க எவ்ளோ ஆச்சுன்னு நெறைய பேரு கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் போட முடியல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். பட்டறை பேரு மட்டும் கேக்காதீங்க. பட்டறை அண்ணன் ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் எடுப்பாரு, இப்பவே வரிசைல ஆளுங்க நிக்கறாங்க, "பேரு போட்டுடாத தம்பி, வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்ல சங்கடமா இருக்கும்"னு சொல்லிட்டாரு. கோயம்புத்தூர்ல சிங்காநல்லூர் தாண்டி இருக்கற பட்டறை, அவ்ளோதான் சொல்லுவேன். ஆனா அங்க என்னென்ன பண்ணுனாங்க, ஏன் பண்ணுனாங்கன்னு முழுசா சொல்றேன், உங்க ஊர் பட்டறையில நின்னு இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கலாம்.

வண்டி 1972 மாடல் மஹிந்திரா எஃப்.சி 150 பிக்கப். தெரியாதவங்களுக்கு, இது மூக்கே இல்லாத ஜீப்பு, டிரைவர் முன்னாடி ஆக்சில் மேலயே உக்காந்துக்குவாரு, இன்ஜின் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல மூடி போட்டு இருக்கும். அமெரிக்காவுல வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில ஃபார்வர்டு கன்ட்ரோல்னு பேரு வச்சு கொண்டுவந்த டிசைன், அங்க 1965லயே நிறுத்திட்டாங்க, நம்ம ஊர்ல மஹிந்திரா அதுக்கப்புறமும் ரொம்ப வருசம் செஞ்சாங்க. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், வெறும் 81 இஞ்ச், அன்னைக்கு அமெரிக்காவுல வந்த சி.ஜே 5 ஜீப்புக்கு இருந்த அதே அளவு, அதுக்குள்ள பின்னாடி சாமான் ஏத்தற ஒரு முழு தொட்டி வச்சாங்க பாருங்க, அதுதான் இந்த வண்டியோட அழகே. என் வண்டி கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஓடுனது. பனி, மழை, ஈர இலை மூட்டைன்னு பாத்த வண்டி, அப்ப தகரம் எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முதல்ல வேற ரெண்டு மூணு இடத்துல காட்டுனேன். ஒரு இடத்துல வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்துட்டு பத்து நிமிசத்துல ரேட் சொல்லிட்டாங்க, "ஓட்டை எல்லாம் பட்டி வச்சு மூடிரலாம் சார், கண்ணாடி மாதிரி வந்துரும்"னாங்க. எனக்கு அங்கயே மனசு விட்டுப்போச்சு. ஏன்னா இந்த வண்டியில ஏற்கனவே யாரோ அப்படித்தான் பண்ணி வச்சிருந்தாங்க, மட்கார்டுல தகரத்துக்கு மேல பட்டிப் பசைதான் கனமா இருந்துச்சு, காந்தம் வச்சா ஒட்டவே ஒட்டாது, விழுந்துரும்.

இந்த அண்ணன் வந்தாரு, சட்டைப் பையில இருந்து சின்ன காந்தம் ஒண்ண எடுத்தாரு, கதவு அடிப்பக்கம், படி, முன் கண்ணாடிக்கு கீழ, தொட்டி மூலைன்னு ஒவ்வொரு இடமா வச்சு பாத்தாரு, விரல்ல தட்டி சத்தம் கேட்டாரு, சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டே வந்தாரு. கடைசியில ரேட் என்னங்கண்ணான்னு கேட்டா, "பெயின்ட்ட உரிச்சு தகரத்த பாக்காம நான் எப்படிங்க ரேட் சொல்றது, உரிக்கறதுக்கு மட்டும் இப்ப வாங்கிக்கறேன், அப்புறம் ரெண்டு பேரும் நின்னு பாத்து பேசிக்கலாம்"னாரு. பாடி வேலைக்கு இதவிட நேர்மையான பதில் கிடையாது. மேல பெயின்ட் இருக்கறப்ப உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, சொல்றவங்க ஒண்ணு கூட்டி சொல்லுவாங்க இல்ல பாதியில வந்து இன்னும் பணம் வேணும்பாங்க.

உரிச்ச விதத்துலயே ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்), தொட்டியோட அடிப்பக்கம், பிராக்கெட் மாதிரி கனமான அயிட்டம் எல்லாத்தையும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில பிளாஸ்டிங்குக்கு, அதாவது காத்தழுத்தத்துல மணல் மாதிரி துகள் அடிச்சு பெயின்ட், துருவ உரிக்கறதுக்கு அனுப்புனாரு. ஃபவுன்டரி, பம்ப் கம்பெனி நெறைய இருக்கறதால நம்ம ஊர்ல பிளாஸ்டிங்குக்கு அலைய வேண்டியதில்ல, அது ஒரு வசதி. ஆனா கதவையும் ரூஃபையும் அனுப்பவே இல்ல. தட்டையான மெல்லிசு தகரத்துல வேகமா மணல் அடிச்சா மேல்பக்கம் மட்டும் கோடிக்கணக்கான சின்ன அடி விழுந்து விரிஞ்சிரும், தகரம் வளைஞ்சு அலை அலையா ஆயிரும், அப்புறம் அத யாராலயும் நேரா கொண்டுவர முடியாது. அதனால அந்த பாகத்துக்கு எல்லாம் பெயின்ட் ரிமூவர் தடவி சுரண்டி, மிச்சத்த கிரைண்டர்ல பஞ்சு மாதிரி இருக்கற ஸ்ட்ரிப்பிங் டிஸ்க் போட்டு மெதுவா எடுத்தாங்க. பிளாஸ்டிங்குக்கும் சாதா ஆத்து மணல் வேண்டாம், கார்னெட்ங்கற கல்லுப்பொடி போடுங்கன்னு சொல்லி அனுப்புனாரு. ஆத்து மணல்ல இருக்கற சிலிக்கா தூசி நுரையீரல்ல போய் உக்காந்துருச்சுன்னா திரும்ப சரி பண்ணவே முடியாது, வேலை செய்யறவன் உயிரு அது. ஒரு பட்டறைக்காரரு வேற கம்பெனி பசங்களுக்காக இத யோசிக்கறாருன்னா எனக்கு அதுவே பெரிய விசயம்.

உரிச்சு முடிச்சதும் போன் பண்ணி வரச்சொன்னாரு. டிரைவர் பக்கம் கால் வைக்கற தரை பாதி இல்ல, பழைய பட்டிக்கு அடியில சாக்குத் துணி வச்சு அடைச்சிருந்தாங்க. முன் கண்ணாடி ரப்பர் உக்கார்ற பள்ளம் முழுக்க துரு, கேபின் பின் மூலை ரெண்டும் போச்சு, தொட்டியில பின் சக்கரத்துக்கு பின்னால இருக்கற மூலை விரல் விட்டா உள்ள போகுது. அப்பதான் ஒவ்வொரு பாகமா எழுதி ரேட் சொன்னாரு. கடைசி பில்லு அந்த ரேட்டுல இருந்து பெருசா மாறல.

இப்ப முக்கியமான வேலைக்கு வரேன், தகர வேலை. இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுதறேன்.

பழைய ஜீப்பு தகரம் இப்ப வர்ற காருங்கள விட கனம், அதுக்கு சமமா 18 கேஜ் கனத்துல சி.ஆர் சீட்டு, அதாவது கோட்டிங் இல்லாத சாதா இரும்புத் தகரம் வாங்கிட்டு வந்தாரு. துத்தநாகம் பூசுன ஜி.ஐ சீட்டு போட்டா துரு புடிக்காதேன்னு நான் கேட்டேன், "வெல்டிங் வைக்கறப்ப அதுல இருக்கற துத்தநாகம் புகையா வரும், இழுத்தா காய்ச்சல் வரும், வெல்டிங்லயும் ஓட்டை ஓட்டையா விழும், அந்த இடத்துல கோட்டிங்கும் எரிஞ்சு போயிரும், அப்புறம் எதுக்குங்க"ன்னாரு. தரையில கம்பெனி போட்ட வரி வரியான மேடு இருக்கும்ல, அது அழகுக்கு இல்ல, தகரம் அதிராம கெட்டியா நிக்கறதுக்கு. அதையும் அச்சு கட்டையில வச்சு அடிச்சு அதே இடத்துல கொண்டுவந்தாரு. நெறைய இடத்துல தட்டையா ஒரு தகரத்த வெட்டி பழசு மேலயே வச்சு சுத்தி வெல்டிங் வச்சுருவாங்க, ரெண்டு தகரத்துக்கு நடுவுல தண்ணி போய் நின்னு கொஞ்ச வருசத்துல மறுபடியும் அதே இடம் அழுகும். இவரு அழுகுனத நல்ல தகரம் வர்ற வரைக்கும் முழுசா வெட்டி எடுத்துட்டு, புதுசு அந்த ஓட்டைக்குள்ள சரியா உக்கார்ற மாதிரி ஓரத்தோட ஓரம் சேத்துதான் வெல்டிங் வச்சாரு. சிஓடூ வெல்டிங், அதாவது கார்பன் டை ஆக்சைடு கேஸ் காவல்ல கம்பி தானா வந்து உருகற வெல்டிங், 0.8 எம்.எம் கம்பி. ஒரே இழுப்பா இழுக்கல, இங்க ஒரு பொட்டு, எதிர்பக்கம் ஒரு பொட்டு, சூடு ஆறுனதுக்கு அப்புறம் நடுவுல ஒண்ணு, அப்படியே புள்ளிய சேத்து சேத்து கோடாக்குனாரு. ஆறறதுக்கு தண்ணி ஊத்தல, தானா ஆற விட்டாங்க. பாக்கறதுக்கு பொறுமை வேணும், ஆனா கதவுப்பக்கம் இன்னைக்கு கைய வச்சு தடவுங்க, எங்க ஒட்டு இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது.

இடது கதவுல பழைய கேஸ் வெல்டிங் சூட்டுல தகரம் விரிஞ்சுபோய் அமுக்குனா டப்புனு உள்ள போகும், விட்டா டப்புனு வெளிய வரும். இத பட்டி போட்டு சரி பண்ணவே முடியாது, ஆடற தகரத்துல பட்டி விரிசல் விடும். அண்ணன் காசு அளவுக்கு ஒரு இடத்த மட்டும் செவக்க சூடு பண்ணி, உடனே டோலிங்கற கை இரும்புக்கட்டைய பின்னால வச்சு சுத்தியலால மெல்ல தட்டி, ஈரத் துணியால ஒத்தி எடுத்தாரு, அந்த இடம் சுருங்குது. இப்படி இடம் மாத்தி மாத்தி பண்ணி கதவையே இறுக்கிட்டாரு. இந்த வேலை தெரிஞ்ச கை இப்ப ரொம்ப கொறைஞ்சுபோச்சு. அவருகிட்ட கத்துக்கற பையன் ஒருத்தன் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தான், எனக்கு அது ரொம்ப சந்தோசமா இருந்துச்சு.

சுரண்ட முடியாத குழியில இருந்த துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் அடிச்சாங்க, அப்புறம் நல்லா கழுவி துடைச்சு காய வச்சுட்டுதான் எபாக்ஸி பிரைமர், அதாவது தகரத்துல கெட்டியா ஒட்டி ஈரத்த தடுக்கற முதல் பூச்சு. ஆசிட் மிச்சம் இருந்தா எபாக்ஸி புடிக்காது, அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும். தகரத்த ராத்திரி முழுக்க மொட்டையா விடவே இல்ல, எந்த பாகம் முடிஞ்சாலும் அன்னைக்கே எபாக்ஸி. ரெட் ஆக்சைடுங்கற செவப்பு பிரைமர் அடிச்சு மாசக்கணக்குல வெயில் மழையில வண்டிய நிறுத்தி வைக்கற பட்டறை நெறைய பாத்திருக்கேன். சாதா ரெட் ஆக்சைடு ஈரத்த உள்ள விடும், பாதுகாப்புன்னு நெனைச்சுட்டு இருப்போம், அடியில துரு ஓடிட்டே இருக்கும்.

பட்டி போட்டாரா? போட்டாரு. பட்டியே போடாம பாடி வேலை யாரும் பண்ண முடியாது, அத பொய்யா சொல்ல மாட்டேன். ஆனா எபாக்ஸி மேல, மெல்லிசா, சுத்தியல் கொண்டுவர முடியாத மிச்சத்துக்கு மட்டும். நான் ஒரு நண்பர்கிட்ட பெயின்ட் கனம் அளக்கற மீட்டர் வாங்கிட்டு போய் பாத்தேன், பிரைமர் பெயின்ட் எல்லாம் சேத்து பெரும்பாலான இடத்துல 300, 400 மைக்ரான்தான் காட்டுச்சு. கேபின் பின் மூலையில மட்டும் 900 வந்துச்சு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே "அங்க கொஞ்சம் பட்டி இருக்குதுங்க, வளைவு உள்ள கை போகல"ன்னாரு. ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, தாராளமா ஏத்துக்கலாம். சர்ஃபேசர்ங்கற நெரவல் பிரைமர் அடிச்சு அதுமேல கறுப்பு பெயின்ட்ட மூடுபனி மாதிரி லேசா தூவி, நீளக் கட்டையில எமரி சுத்தி தேய்ப்பாங்க, பள்ளம் இருந்தா கறுப்பு போகாம நிக்கும், அத பாத்து பாத்து சரி பண்ணுவாங்க. இந்த தேய்ப்புலதான் பெரும்பாலான நாள் போச்சு.

கலருக்கு டேஷ்போர்டுக்கு பின்னால வெயில் படாம இருந்த பழைய இளம் பச்சைய காட்டி மிக்ஸ் பண்ணுனாங்க. ஆர்.சி புக்குல இருக்கற கலரும் அதேதான், மாத்தியிருந்தா ஆர்.டி.ஓல போய் ஏத்தணும். கலருக்கு மேல அடிக்கற நிறமில்லாத கிளியர் கோட் வேண்டாம்னு அவரே சொன்னாரு, கலரும் மினுமினுப்பும் ஒரே பூச்சுல வர்ற சிங்கிள் ஸ்டேஜ் பி.யு (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிச்சோம். உழைக்கற வண்டிக்கு அந்த அளவு மினுமினுப்புதான் பொருத்தம், கிளியர் அடிச்சா பொம்மை மாதிரி ஆயிரும். பெயின்டர் தனியா வெளிக்காத்து குழாய்ல வர்ற முழு மாஸ்க் போட்டுட்டுதான் அடிச்சாரு. பி.யு பெயின்ட் இறுகறதுக்கு கலக்கற ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட் ஆஸ்துமாவ கொண்டுவந்துரும், மூஞ்சில துண்டு கட்டிட்டு அடிக்கற பசங்கள பாத்தா வயிறு எரியுது. உங்க வண்டி எங்க குடுத்தாலும் தயவுசெஞ்சு இத கேளுங்க, நாம கேட்டாதான் அவங்க வாங்கி வைப்பாங்க.

குறையும் சொல்லிடறேன். சொன்ன நேரத்துக்கு வண்டி வரல, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு, நாமளா போன் பண்ணாதான் விவரம் தெரியும். ஹீட்டர் வச்ச பெயின்ட் பூத் (தூசி வராம அடைச்ச ரூம்) கிடையாது, தார்ப்பாய் கட்டி தரையில தண்ணி தெளிச்சுதான் அடிக்கறாங்க, அதனால ரூஃபுல தூசி புள்ளி விழுந்துச்சு, 2000 நம்பர் பேப்பர்ல தேய்ச்சு பாலிஷ் போட்டு குடுத்தாங்க, ஆனாலும் வெயில்ல குனிஞ்சு பாத்தா ஒண்ணு ரெண்டு தெரியும். ரப்பர் பீடிங், கண்ணாடி சேனல் எதையும் அவங்க தேட மாட்டாங்க, அது நம்ம தலையில. கதவுக்குள்ளயும் பாக்ஸ் பகுதிக்குள்ளயும் வேக்ஸ் அடிக்கறது ரேட்டுல இல்ல, நான் கேட்டு தனியா காசு குடுத்தேன். மேல எவ்ளோ நல்லா அடிச்சாலும் துரு உள்ள இருந்துதான் வரும், அத அவங்களே கட்டாயமா சேத்துக்கணும்னு அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.

செலவு தகரம், வெல்டிங், பெயின்ட், கூலி எல்லாம் சேத்து மூணு லட்சத்துக்கு பக்கம், இன்ஜின் வேலை இதுல இல்ல. வெறும் மேல் பெயின்ட் அடிக்கறவங்களோட ஒப்பிட்டா அதிகம்தான், ஆனா இதுல முக்கால்வாசி பெயின்டுக்கு அடியில இருக்கற வேலைக்கு போன காசு, எனக்கு ஒரு ரூபா கூட வருத்தம் இல்ல.

இன்னொண்ணு, 50 வருசம் தாண்டுன சொந்த உபயோக வண்டிய விண்டேஜா பதிவு பண்ண 2021ல மத்திய அரசு விதி கொண்டுவந்தாங்க, நம்பர்ல வி.ஏ எழுத்து வரும், முதல் பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருசம் செல்லும். சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா மாத்தியிருக்கக் கூடாதுங்கறது அதுல ஒரு நிபந்தனை. கேபினையே வெட்டி தூக்கிட்டு புதுசா கட்டித்தரேன்னு சொல்ற ஆளுங்ககிட்ட போறதுக்கு முன்னாடி இத மனசுல வச்சுக்கோங்க. பழச பழசாவே சரி பண்றதுக்குதான் இந்த மாதிரி பட்டறை வேணும்.

யாராச்சும் குடுக்கறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை மழையில பெயின்ட் வேலை வர்ற மாதிரி மட்டும் வச்சுக்காதீங்க, ஈரக்காத்துல பி.யு அடிச்சா மினுமினுப்பு போயிரும். வெளிய வந்ததும் ஒரு மாசத்துக்கு வேக்ஸ் பாலிஷ் எதுவும் போடக்கூடாது, பெயின்ட்ல இருக்கற தின்னர் முழுசா வெளிய போகணும். என் வண்டி ஒரு முழு மழைக்காலம் மலையில ஓடிருச்சு. தொட்டி பின் டோர் கீல் பக்கம் ஒரே ஒரு இடத்துல கொப்புளம் மாதிரி வந்திருக்கு, போட்டோ அனுப்புனேன், "கொண்டாங்க, அந்த டோர மட்டும் கழட்டி திரும்ப பண்ணித்தரேன், காசு வேண்டாம்"னு சொல்லிருக்காரு. இப்ப உள்ள நிக்கற வண்டி முடிஞ்சதும் கொண்டுபோய் விடணும்.